செலின் மாமியின் படையெடுப்பு

1

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த அன்று, மாலையில் ரசத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே அது ஞாபகம் வந்தது. என் மனைவி பெல்சி ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட் முடித்து வந்து, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"பத்து வருசம் ஆச்சு" என்றேன்.

"ஆமா, பாஸ்போர்ட்டப் புதுக்கணும்" என்றாள்.

கொண்டாட்டம் அத்துடன் முடிந்தது.

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், தேவைக்கு அதிகமான மதுக்கடைகள், மூடிக் கிடக்கும் ஒரு பழைய ஹோட்டல். பெல்சிக்கு வேலை கிடைத்ததால் வந்தோம். எனக்குக் கிடைத்தது மீன் ஆலை. குமரிக் கரையில், கடியப்பட்டணத்தில் பிறந்தவனைக் கண்டம் தாண்டிக் கொண்டுபோய் விட்டாலும் மீன் விடாது போலிருக்கிறது. ஊரில் அயலை மீனைச் சட்டையில்லாமல் சாக்கில் அள்ளிப் போட்டவன், இங்கே அதே அயலையைக் கையுறை, தொப்பி, வாய்மூடி எல்லாம் மாட்டிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் டாக்டர் மாதிரி தொடுகிறேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் அக்கா செலினிடமிருந்து வாட்ஸாப்பில் குரல் செய்தி வந்தது. எங்கள் எட்டு வயது மகள் ரியாவுக்கு மே மாதம் புதுநன்மை. கத்தோலிக்க வீடுகளில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், கல்யாணத்துக்கு ஒரு படிதான் கீழே. அக்காவின் குரல், அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், எங்கள் அடுக்களையை நிறைத்தது.

"மக்கா, ரியாவுக்க புதுநன்மைக்கு நாங்க எல்லாரும் படையெடுத்து வாறோம், கேட்டியா? ஒனக்க அத்தான் இப்பமே பெட்டி வாங்கியாச்சு. அங்க அரிசி கிட்டுமா, இல்ல கொண்டு வரட்டா?"

ரியா தோசையைக் கீழே வைத்தாள். "அப்பா, படையெடுத்து வாறோம்னா வாட்?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "இன்வேட் பண்ணப் போறாங்களாம்."

அவள் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு பிள்ளைக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நம் கரையில் படையெடுக்காதது எது? சீனி டப்பாவை எறும்பு படையெடுக்கும். மழை விட்டதும் கொசு படையெடுக்கும். கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் படையெடுப்பார்கள். ஓகிப் புயல் அடித்து ஓய்ந்த பிறகு வெள்ளை வேட்டிகளும் கார்களும் படையெடுத்ததையும் நாம் பார்த்தோம். நிஜமான படை எதையும் நம் தலைமுறை பார்த்ததில்லை. அதனால்தான் சொல் இவ்வளவு இலேசாக வாயில் புரள்கிறது என்று நினைக்கிறேன். ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுப் பலகாரப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்ட சொல் அது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் அப்படி ஓய்வு பெறவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. ரியாவுக்கு எப்படித் தோன்றும்?

அவள் பேசும் தமிழில் அயர்லாந்துக்காரர்களின் ராகம் இருக்கும். நாகர்கோவிலுக்கு மேற்கே பேசும் தமிழே பாட்டு மாதிரி இருக்கிறது என்று மற்ற ஜில்லாக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு ராகமும் சேர்ந்து எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, பாடுகிறோம். தமிழ் அவளுக்குப் புரியும். பேசுவது பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். ஆகவே ஒரு தமிழ்ச் சொல் இவ்வளவு பிடித்துப்போனதில் எனக்குப் பெருமைதான். திங்கட்கிழமை வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுச் செய்தி சொல்ல வேண்டும். எங்கள் கரையில் அப்பாவின் அக்காவும் மாமிதான். ரியா எழுந்து, "என் மாமியும் மாமாவும் மே மாதம் இன்வேட் பண்ண வருகிறார்கள்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். ஆசிரியை அதைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒரு சொல்லுக்கு எழுத்துக் கூட்டுவதையும் அதன் வழியாக எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

3

விசா ஒரு தனிப் புராணம். அக்கா, பெனடிக்ட் அத்தான், கல்லூரியில் படிக்கும் அவர்களது இரண்டு பெண்கள், மொத்தம் நான்கு பேர். எல்லாம் அனுப்பிய பிறகு, இவர்கள் திரும்பிப் போவார்கள் என்பதற்கு மேலும் ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. அத்தானிடம் போனில் சொன்னேன்.

"நா திரும்பி வருவேன்னு அவனுக்கு எதுக்குலே ஆதாரம்? எனக்க வள்ளத்த நா அங்க உருட்டிக்கிட்டா வரப்போறேன்?"

"அதத்தான் அத்தான் எழுதிக் கேக்கான். வள்ளம் இருக்குன்னு காட்டணும்."

மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. கரையில் ஏற்றி வைத்த தன் பைபர் வள்ளத்தின் முன்னால் அத்தான், கல்யாண வெள்ளைச் சட்டை போட்டு, கையை அதன் முன்முனையில், அணியத்தில் வைத்து நிற்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்களோ, வேறு எதைப் பார்த்தோ, ஏப்ரலுக்கு முன் நான்கு பேருக்கும் விசா வந்துவிட்டது. வருகிறவன் வருவதைப் பற்றி ஒரு வரி, போவதைப் பற்றி ஒரு கட்டுக் காகிதம். இந்தப் பத்து வருடத்தில் எனக்குப் புரிந்த விசா இலக்கணம் இதுதான்.

4

புதுநன்மைக்கு வெள்ளை ஷூ வாங்கப் போன சனிக்கிழமைதான் விஷயம் தொடங்கியது.

பழைய ஹோட்டலில், சொந்த நாட்டில் இருக்க முடியாமல் அடைக்கலம் கேட்டு வருகிறவர்களைத் தங்க வைக்கப் போகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு. மீன் ஆலையில் தேநீர் நேரத்தில் இதைப் பற்றி முணுமுணுப்பார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு கால்பந்துக்கு மாறும். அன்று ஹோட்டலுக்கு எதிரே விளக்குக் கம்பங்களில் புதிய அட்டைகள் கட்டியிருந்தன. ஏணியில் நின்று ஒருவர் கடைசி அட்டையின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். படகு எஞ்சின் மெக்கானிக் பிரெண்டன். அவருடைய மகள் ஈவாவும் ரியாவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

'ஸ்டாப் த இன்வேஷன்' என்று ரியா எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்.

"வா வா, அது பெரியவங்க விஷயம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பிரெண்டன் மேலிருந்து தலையசைத்தார். நானும் அசைத்தேன். ஷூ வாங்கினோம். ரியா வழக்கமாகக் கேட்கும் ஐஸ்கிரீமைக் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் காசு மிச்சம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் எங்கள் குடும்ப வாட்ஸாப் திடீரென்று ஊமையாகிவிட்டது. காலை வணக்கப் பூக்கள் இல்லை, பெட்டியில் எது எது ஏறியது என்ற நேர்முக வர்ணனை இல்லை. அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் அத்தான் எடுத்தார்.

"என்ன அத்தான், எல்லாம் ரெடியா?"

"என்ன ரெடி? நாங்க வரல்ல."

"என்னது?"

"வேண்டாத வீட்டுக்கு நா எதுக்கு வரணும்? ஒனக்க அக்கா ரெண்டு நாளா சோறு திங்கல்ல. பிள்ளைக்கி நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்களோ, அவ போன் போட்டுச் சொல்லுகா, 'மாமி, வராதீங்க, இங்க யாருக்கும் நீங்க வாறது பிடிக்கல'ன்னு. சின்னப்பிள்ள தானாட்டு அப்பிடிச் சொல்லுமாடே? நீயும் ஒனக்க பெண்டாட்டியும் பேசினதத்தானே சொல்லும்?"

போன் வைக்கப்பட்டது. நான் அடுக்களையில் நின்று மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்சியிடம் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நர்ஸுகளுக்கு ஒரு குணம், கோபத்துக்கு முன்னால் நாடி பார்ப்பார்கள்.

"பிள்ளகிட்ட கேட்டியா?" என்றாள்.

5

ரியா மாடிப்படியில், ஷூ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"மாமிகிட்ட ஏன் மக்களே அப்படிச் சொன்னே?"

பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு எல்லாம் ஒன்றாகக் கொட்டியது, தமிழும் ஆங்கிலமும் கண்ணீரும். மாமி வருவது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவள்தான் வகுப்பில் சொன்னாள். சுவரில் வேறு எழுதியிருக்கிறது. ஈவா வீட்டில் போய்ச் சொல்லியிருப்பாள். அதனால்தான் ஈவாவின் அப்பா போஸ்டர் கட்டினார். மாமியை நிறுத்தச் சொல்லி. விமானத்திலிருந்து இறங்கினால் மாமியைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நான் சொல்லாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"அந்த போஸ்டர் மாமியப் பத்தி இல்ல. மாமி வாறது அவருக்குத் தெரியவே தெரியாது."

"மாமி நல்லவங்கன்னு நாம போய்ச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாமளும் இன்வேட் பண்ணித்தான் வந்தோமா?"

"இல்ல. பிளேன்ல வந்தோம்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை. அன்றிலிருந்து, ஆலையில் கன்வேயரில் மீன் போய்க்கொண்டிருக்கும்போது, மனசு நம் சொற்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. வீடு கட்டிக் குடிபோனால் புதுமனை புகுதல். கட்டிக்கொடுத்த பெண் போய்ச் சேருவது புகுந்த வீடு. அதே சொல்தான் கடல் ஊருக்குள் புகுந்தது என்பதற்கும். ஒரு வாசல், ஒரு வினைச்சொல். உள்ளே போவது மணப்பெண்ணா வெள்ளமா என்பதை உள்ளே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இப்படியெல்லாம் யோசித்து நான் ஒரு பெட்டி மீனைத் தவறான பாதையில் தள்ளிவிட்டேன். மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன்.

ஆனால் அன்றைக்கு முதல் வேலை, அக்கா வீட்டைச் சமாதானப்படுத்துவது. அத்தானுக்குப் போன் செய்தேன். வைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"தட்டி வெச்சிருக்கா? எங்களுக்கா?"

"ஒங்களுக்கு இல்ல அத்தான். வேற ஆளுவளுக்கு. எடம் இல்லாம வாறவங்களுக்கு."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"படையெடுப்ப நிறுத்துன்னு."

பிறகு அத்தானின் குரலில் ஒரு தளர்வு. "நானும் வெச்சிருக்கேன்டே தட்டி. வெளியூர் விசைப்படகு கரைக்குப் பக்கத்தில வந்து மீனெல்லாம் அரிச்சிட்டுப் போச்சுல்லா, அப்பம். 'அத்துமீறி நுழையாதே'ன்னு செவப்பு மையில நாந்தான் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை. அத்துமீறி-ல த் விட்டுப்போச்சு." அவர் சிரித்தார். "வயிறு எரிஞ்சா வெக்கத்தான் செய்வான். அதுக்கு எங்க பிள்ளயப் போட்டுப் பயமுறுத்தணுமா?"

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு நாள் பட்டினியின் அடையாளம் குரலில் துளியும் இல்லை.

"ஏலே, கொழந்தகிட்ட ஒழுங்கா அர்த்தம் சொல்லிக் குடுக்கத் தெரியாதா ஒனக்கு? நீயெல்லாம் காலேஜுக்குப் போய் என்ன கிழிச்சே? பிள்ள பயந்து எத்தன நாளா ஒறங்காம கெடந்துச்சோ! அவகிட்ட போனக் குடு."

ரியாவிடம் கொடுத்தேன்.

"ஏட்டி, மாமி படையெல்லாம் எடுக்கல்ல, கேட்டியா? மாமி முந்திரிக்கொத்துப் பலகாரந்தான் எடுத்திருக்கேன். நா சும்மா வாறேன். என்ன?"

"சும்மா வாங்க மாமி" என்றாள் ரியா.

6

விமான நிலையத்தில் ரியா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். எல்லாரும் வெளியே வந்தாகிவிட்டது; நம்மவர்களைக் காணோம். அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தாள். நானும் அவளைப் போலவே பயந்துகொண்டிருந்தேன் என்பதைக் கதவு திறந்தபோதுதான் உணர்ந்தேன்.

அக்கா முன்னால் வந்தாள். பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு.

"பால்கோவாவப் பிடிச்சு வெச்சிட்டான்!" என்று அங்கிருந்தே கத்தினாள். "பாலுல செஞ்சது ஆகாதாம். கருவாட்ட மோந்து பாத்திட்டு, ஒண்ணும் பேசாம குடுத்திட்டான்."

ரியா தடுப்புக்குக் கீழே குனிந்து புகுந்து ஓடினாள். காவலாளி ஒருவர் கையை நீட்டினார், பிறகு அந்தக் கட்டிப்பிடிப்பைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுநன்மை நாளில் கோயிலே வெள்ளையாக இருந்தது. ரியாவும் ஈவாவும் ஜோடியாக நடந்து போனார்கள். அக்கா முதல் வரிசையில் நின்று, ஆங்கிலப் பூசைக்குத் தமிழில் பதில் சொன்னாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த ஒரு அம்மா மட்டும் அவள் சொல்வதற்கு இடம்விட்டுத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அக்காவின் பெண்கள் இருவரும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் முந்திரிக்கொத்து விநியோகித்தார்கள். அது என்ன பருப்பு என்று கேட்ட பாதிரியாருக்கு, பாசிப்பயறு என்பதை மொழிபெயர்க்க நாங்கள் மூவர் முயன்றும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தானைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு இந்த ஊரில் பார்க்க வேண்டியதாகத் தோன்றிய ஒரே இடம் அதுதான். பிரெண்டன் ஒரு படகின் வெளி எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்து கையைத் துடைத்தார். புதுநன்மை நன்றாக நடந்தது, அந்தத் தித்திப்பு உருண்டை அருமை என்றார். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைப்பது போல ஓர் அடி வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஈவா சொன்னாள், ரியா என்னவோ நினைத்துக்கொண்டாளாம். அந்த அட்டை உங்களைச் சொல்லவில்லை. அது உங்களுக்குத் தெரியும் இல்லையா? உங்கள் மனைவிதான் என் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். உங்களை யாரும் சொல்லவில்லை."

"தெரியும்" என்றேன். தெரியும் என்றுதான் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன்.

"என்னடே சொல்லுகான்?" என்றார் அத்தான்.

"அந்தத் தட்டி நம்மளச் சொல்லலியாம்."

"பின்ன ஆர?"

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ள, ஒரு தட்டி எழுதியவர் இன்னொரு தட்டி எழுதியவரிடம் கேட்கும் கேள்வி. நான் தயங்கினேன். ஆலையில் நாளை நான் வேலைக்குப் போக வேண்டும், ரியா அந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். மொழிபெயர்த்தேன்.

பிரெண்டன் ஹோட்டல் இருக்கும் திசையில் பார்த்தார். "தெரியாது" என்றார். "இன்னும் யாரும் வரவில்லையே."

அதைத் தமிழில் சொன்னேன்.

"வந்தப்பொறவு ஆளப் பாத்திட்டு வெச்சா போராதா?" என்றார் அத்தான். "எனக்க ஊர்ல நா படகப் பாத்துதான் வெச்சேன்."

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரு சொல் விடாமல். பிரெண்டனின் காது சிவந்தது. சிரிப்பாரா, போய்விடுவாரா என்று நான் காத்திருந்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. மறுபடி எஞ்சின் பக்கம் குனிந்தார். அத்தானும் விலகவில்லை, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஸ்பார்க் பிளக்க மாத்தச் சொல்லு."

சொன்னேன்.

"நேற்றே மாற்றியாகிவிட்டது என்று சொல்லுங்கள்" என்றார் பிரெண்டன்.

அப்போதுதான் அத்தான் சிரித்தார்.

7

அவர்கள் ஜூனில் திரும்பிப் போனார்கள், விசா அதிகாரிகள் கவலைப்பட்டதற்கு மாறாக. வள்ளம் காத்திருந்தது. வீடு இரண்டு வாரத்துக்கு மிகவும் பெரிதாக இருந்தது.

ஹோட்டலுக்கு ஆட்கள் வந்தது பள்ளிக்கூடம் மறுபடி திறந்த பிறகு. நான் ரியாவைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில், எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு சிறு கூட்டம் அட்டைகளுடன் நின்றுகொண்டிருந்தது. பிரெண்டனும் நின்றார். அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவர் நின்றார். அட்டையைத் தூக்கிப் பிடிக்காமல், எழுத்து தெரியாதபடி காலோடு சாய்த்து வைத்திருந்தார். மறு கையில் ஈவாவின் கை. ஈவா ரியாவுக்குக் கையசைத்தாள். ரியாவும் அசைத்தாள்.

ஒரு பேருந்து வந்து நின்றது. யாரோ ஒருவர் கத்தத் தொடங்கி, கூட யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார். கதவு திறந்தது. தோளில் தூங்கும் குழந்தையுடன் ஒருவர் இறங்கினார். பிறகு ஒரு கிழவர், ஒவ்வொரு படியாக. பிறகு ஒரு பெண், பிரஷர் குக்கரை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்தபடி. பிறகு இன்னும் சிலர். கதவு மூடிக்கொண்டது.

ரியா குதிகால் உயர்த்தி, பேருந்துக்குப் பின்னால் இன்னொரு பேருந்து இருக்கிறதா என்று பார்த்தாள். சாலை காலியாக இருந்தது.

"அப்பா, இவ்வளவு பேர்தானா?" என்றாள் தமிழில், தன் ராகத்தில், ஊருக்கே கேட்கும்படி.

எதிர்ப்பக்கத்திலிருந்து பிரெண்டன் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

சாலைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, கொஞ்சம் சத்தமாக, நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.